இடி மழையில் கேமிங் கம்ப்யூட்டர் போய்விட்டதா? வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மே மாதம் பகல் முழுக்க 40 டிகிரிக்கு மேல் காய்ந்துவிட்டு, சாயங்காலம் புழுதிக் காற்றோடு இடியும் மின்னலும் இறங்குவது வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் வழக்கம்தான். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வங்கக் கடல் புயல்கள். 2016 டிசம்பரில் வர்தா, 2020 நவம்பரில் நிவர் என்று, கரையைக் கடப்பது எங்கோ கடலோரத்தில் என்றாலும் மழையும் காற்றும் நம் பக்கம் வந்துதான் ஓய்கின்றன. 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் அடுத்த நாள் தெருவில் இரண்டு வீட்டில் டிவி போயிருக்கும், ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ், இன்னொரு வீட்டில் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் போனவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இப்ப எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" புதிதாக வாங்குபவருக்கு அது சரியான கேள்வி. உங்களுக்கு அது கடைசிக்கு முந்தைய கேள்வி. சுவரில் இருக்கும் ப்ளக்கிலிருந்து ஆரம்பித்து உள்ளே வர வேண்டும். என்ன வழியாக அடித்தது, எது பிழைத்தது, பிழைத்ததோடு எது பொருந்தும் என்ற வரிசையில் போனால் பாதிப் பணம் மிச்சமாகும். நேரே கார்டிலிருந்து ஆரம்பித்தால் அடுத்த கோடை மழையில் அந்தக் கார்டும் போகும்.

படி 1: எந்த வழியாக அடித்தது?

நான்கு வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு பாகத்தைக் கொல்லும்.

முதலாவது, மின்னல். வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்றில்லை. கொஞ்ச தூரத்தில் கம்பத்திலோ மரத்திலோ விழுந்தாலே லைனில் ஒரு கணநேர அதிர்வு ஏறி வரும். அது எஸ்.எம்.பி.எஸ். (சுவர்க் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றும் பெட்டி) உள்ளே நுழைகிறது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்றால் தான் செத்து மற்றதைக் காப்பாற்றும். மலிவானது என்றால் எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

இரண்டாவது, நியூட்ரல் கட். நம் பக்கத்தில் மின்னலைவிட இதுதான் அதிக சேதம் செய்கிறது என்பது என் எண்ணம். தெருவுக்கு வரும் மூன்று ஃபேஸுக்கும் நியூட்ரல் ஒன்றுதான். காற்றில் கிளை விழுந்து அந்தக் கம்பி அறுந்தால், வேறு வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக 415 வோல்ட்டின் குறுக்கே மாட்டிக்கொள்ளும். ஏ.சி.யும் மோட்டாரும் ஓடும் வீட்டுக்குக் குறைந்த வோல்டேஜ் போகும். ஒரு ஃபேனும் ஒரு கம்ப்யூட்டரும் மட்டும் ஓடும் வீட்டுக்கு 300, 350 என்று ஏறும். திடீரென்று பல்பு பளீரென்று எரிந்து, ஃபேன் பேய் வேகத்தில் சுற்றினால் வேறு எதையும் பார்க்காதீர்கள், நேராகப் போய் மெயினை இறக்குங்கள். அப்புறம் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குப் புகார் சொல்லிவிட்டு, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இன்னொரு இடத்திலும் உதவும்.

மூன்றாவது, இன்டர்நெட் கேபிளும் டிஷ்ஷும். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் டிஷ் ஒயர் செட்டாப் பாக்ஸுக்கு, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்கு வருகிறது. அதே டிவியில் கம்ப்யூட்டரையும் மாட்டி விளையாடுகிறவர்களுக்கு, மின்னல் பின்வாசல் வழியாகக் கிராபிக்ஸ் கார்டுக்கே வந்துவிடும். பிராட்பேண்டிலும் இதே கதைதான். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது. ஆனால் பல தெருக்களில் கம்பத்துப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வருவது செம்பு லேன் கேபிள். அப்படி அடித்தால் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கும், போர்டில் அந்தக் கேபிளைக் கவனிக்கும் லேன் சிப் மட்டும் பொசுங்கியிருக்கும்.

நான்காவது, தண்ணீர். ஜன்னல் சாரல், ஒழுகும் கூரை, தரையில் வைத்த கேபினெட். தண்ணீர் பட்ட கம்ப்யூட்டரை "ஆன் ஆகுதா பார்ப்போம்" என்று ஒருமுறை தட்டிப் பார்ப்பதுதான் பெரும்பாலும் அதைக் கொல்கிறது. ப்ளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரியையும் கழற்றி, பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் பிரஷ் போட்டுத் துடைத்து, ஃபேன் காற்றில் சில நாள் காயவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். சேற்றுத் தண்ணீர் உள்ளே போன ஹார்டு டிஸ்க்கில் முக்கியமான கோப்பு இருந்தால் அதற்கு நீங்களே கரண்ட் கொடுக்காதீர்கள், தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

படி 2: எதையும் தூக்கிப் போடாதீர்கள்

வீட்டுக்கடன் வாங்கும்போது வங்கி ஒரு வீட்டு இன்ஷூரன்ஸ் எடுக்க வைத்திருக்கும், பலருக்கு அது ஞாபகமே இருக்காது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொது இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் தர வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளம், மின்னல் மூன்றும் உண்டு. கட்டடத்துக்கு எடுத்திருந்தால் வீட்டுப் பொருட்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், தானாகவே சேரும். ஆனால் ஓவர் வோல்டேஜால் அந்தக் கருவிக்கே வரும் பழுது பொதுவாக விலக்குப் பட்டியலில் இருக்கும். மின்னலால் வந்த ஓவர் வோல்டேஜும் அந்த விலக்கில் சேரலாம். பாலிசியை ஒருமுறை படியுங்கள். போட்டோ எடுங்கள், மின்னகம் புகார் எண்ணையும் பழைய பில்லையும் எடுத்து வையுங்கள், இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை செத்த பாகங்களைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

கம்பெனி வாரண்டியை நம்பி உட்கார வேண்டாம். மின்னல், வோல்டேஜ், தண்ணீர் எதுவும் சாதாரணமாக அதில் வராது. போர்டில் கருகிய தடம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படி 3: எது பிழைத்திருக்கிறது?

எதிர் வீட்டுத் தம்பியின் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனபோது அவன் முதல் கவலை, "அண்ணா, கார்டு வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. அது போயிருக்காதுல்ல?" "இருடா, முதல்ல அதைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுக் கேபினெட்டின் பின்பக்கம் மூக்கை வைத்தேன். கருகிய வாடை. எஸ்.எம்.பி.எஸ். சல்லடை வழியாக டார்ச் அடித்தால், ஒயர் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் பட்டாணி அளவு நீல வில்லை ஒன்று பிளந்து, சுற்றிலும் கரி பூசியிருந்தது. அது வேரிஸ்டர். வோல்டேஜ் எல்லை மீறும்போது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றுவது அதன் வேலை. பார்த்ததுமே கார்டு தப்பியிருக்கும் என்று பாதி நம்பிக்கை வந்தது. தப்பித்தான் இருந்தது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்னூட்டம் வைத்திருக்கும். மோந்து பார்ப்பதும் டார்ச் அடிப்பதும் போதும்.

பிறகு மல்டிமீட்டர். எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போர்டிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டு, கரண்ட் கொடுத்து, 24 பின் கனெக்டரில் ஊதா ஒயரைப் பாருங்கள். ஆன் செய்யாமலே 5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அது போய்விட்டது. காட்டினால், பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்தால் ஃபேன் சுற்றும். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் மாடல் என்றால் குத்துமதிப்பாக முயற்சி செய்யாதீர்கள், கடையில் எஸ்.எம்.பி.எஸ். டெஸ்டர் இருக்கும்.

இந்தச் சோதனையில் தேறினால்கூட, அடி வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திரும்பப் போடாதீர்கள் என்பேன். உள்ளே இருக்கும் வேரிஸ்டர் பாதி தேய்ந்திருக்கும், அடுத்த அடிக்கு அது குறுக்கே நிற்காது. சந்தேகமான எஸ்.எம்.பி.எஸ்.ஸை நல்ல போர்டில் மாட்டிச் சோதிப்பதும் கூடாது. எப்போதும் தெரிந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை வைத்துத்தான் மற்ற பாகங்களைப் பார்க்க வேண்டும். நண்பரிடம் கடன் வாங்கலாம், அல்லது எப்படியும் வாங்கப் போகிற புதியதை முதலில் வாங்கிவிடலாம்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ். கைக்கு வந்ததும் போர்டு, கூலரோடு பிராசசர், ஒரு ரேம் மட்டும் வைத்து, கேபினெட்டுக்கு வெளியே அட்டைப் பெட்டி மேல் ஆன் செய்யுங்கள். ஆன் ஆனால் சரி. ஆகவில்லை என்றால் போர்டின் மேல் சந்தேகம். பிராசசர் பெரும்பாலும் தப்பித்துவிடும், முதலில் சாவது அதற்கு முன்னால் இருக்கும் போர்டின் பவர் பகுதி. ரேமை மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருள் கொண்டு இரவு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள், ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் வேண்டாம். கார்டை நண்பருடைய கம்ப்யூட்டரில் போட்டு ஒரு மணி நேரமாவது கேம் ஓட்டுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டதே என்று நிறுத்தாதீர்கள், அடி வாங்கிய கார்டு லோடு ஏறும்போதுதான் கோடு கோடாகக் காட்டும்.

எஸ்.எஸ்.டி.யில் இருப்பதை இதற்கெல்லாம் முன்பே ஒரு யூ.எஸ்.பி. உறையில் போட்டு வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள். மானிட்டர் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் அதன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். வெளியே தனி அடாப்டர் உள்ள மானிட்டர் என்றால், அதே வோல்ட்டும் போதுமான ஆம்பியரும் உள்ள அடாப்டர் ஒன்றை மாற்றினாலே பிழைத்துவிடும்.

லேன் மட்டும் போயிருந்தால் போர்டை மாற்ற வேண்டியதில்லை. மலிவான லேன் கார்டோ யூ.எஸ்.பி. லேன் அடாப்டரோ போதும். ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள், வேறு கோளாறு தலைகாட்டாவிட்டால் விட்டுவிடலாம்.

படி 4: பிழைத்ததை வைத்து முடிவு

எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போயிருந்தால் அதை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு, படி 5-ம் 8-ம் படித்தால் போதும்.

போர்டு போய், பிராசசரும் ரேமும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கையில் இருக்கும் நல்ல டி.டி.ஆர்.4 ரேம் (இப்போதைய டி.டி.ஆர்.5-க்கு முந்தைய தலைமுறை) இன்று சும்மா கிடக்கும் பொருள் இல்லை. அதனால் ஒரு காலத்தில் "பழசை விட்டுத்தள்ளு, எல்லாம் புதுசா போடு" என்று சொன்ன நானே இப்போது அப்படிச் சொல்வதில்லை.

ஏ.எம்.4 சாக்கெட்டில் (பிராசசர் உட்காரும் இடத்தின் வகை) ஏ.எம்.டி.யின் ரைசன் 3600, 5600 போன்றவை வைத்திருந்தால் பி550 போர்டு வாங்குங்கள். பழைய ரைசன் 2600 என்றால் பி550-க்கு அதிகாரப்பூர்வ ஆதரவு இல்லை, பி450 போர்டு பாருங்கள்; 2600, 3600 வைத்திருப்பவர்கள் அதே போர்டில் பின்னால் 5600-க்கு மாறிக்கொள்ளலாம். இன்டெலில் 12, 13, 14-ஆம் தலைமுறை என்றால் எச்610 அல்லது பி760 போர்டு. இதில் டி.டி.ஆர்.4 எடுக்கும் போர்டும் டி.டி.ஆர்.5 எடுக்கும் போர்டும் பெயரில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், பெட்டியைப் பிரிக்கும் முன் படித்துவிடுங்கள். 10, 11-ஆம் தலைமுறைக்கும் புதுப் போர்டு தேடினால் கிடைக்கும். 8, 9-ஆம் தலைமுறைக்கு வரும் பெயர் தெரியாத கம்பெனிப் போர்டுகளில் பணம் போட எனக்கு மனம் வராது.

அதற்கும் பழையது, அதாவது இன்டெல் 7-ஆம் தலைமுறை வரை என்றால் விட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்த பிராசசர்களை ஏற்காது. செத்த போர்டுக்கு மாற்று வாங்கிப் பழையதைத் தூக்கி நிறுத்துவதில் அர்த்தம் இல்லை.

எல்லாமே போயிருந்தால் ரைசனின் புதிய சாக்கெட்டான ஏ.எம்.5. ரைசன் 5 7600, பி650 போர்டு, டி.டி.ஆர்.5 6000 வேக ரேம் 16 ஜி.பி. இரண்டு. ரேம் விலை கையைக் கடித்தால் 16 ஜி.பி. ஒற்றை ஸ்டிக்கோடு தொடங்கி, பிறகு அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். அதுவரை வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பணம் இன்னும் குறைவு என்றால் இன்டெல் ஐ5 12400-உம் டி.டி.ஆர்.4 போர்டும் இன்றைக்கும் மோசமில்லை. 13, 14-ஆம் தலைமுறை ஐ5 13600கே-யிலிருந்து மேலே உள்ளவற்றில் 2024-இல் நிலைத்தன்மைப் பிரச்சினை வெளிவந்தது, இன்டெல் மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் கொடுத்தது. புதிதாக வாங்கி உடனே பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் பிரச்சினை இல்லை. பழைய சரக்காக வாங்க வேண்டாம்.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு பரிந்துரை. பெயரில் எஃப் உள்ள பிராசசரை, உதாரணமாக 12400எஃப், 7500எஃப், கொஞ்சம் விலை குறைவு என்று வாங்காதீர்கள். எஃப் இல்லாததில் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. நாளைக்கு மறுபடி இடி இறங்கிக் கார்டு போனாலும் கம்ப்யூட்டர் ஓடும், ரெக்கார்டு நோட்டு வேலையோ ஆன்லைன் வகுப்போ நிற்காது. எது போனது என்று கண்டுபிடிப்பதும் சுலபம். ரைசன் 5600-இல் உள் கிராபிக்ஸ் இல்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம்

வாட் எண்ணைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இன்புட் வோல்டேஜைப் பாருங்கள். சிலவற்றில் 100–240 என்று இருக்கும், சிலவற்றில் 200–240 என்று மட்டும். நம் மாவட்டத்துக் கிராமப்புறங்களில் பம்ப்செட் ஓடும் நேரத்தில் 180, 170 என்று இறங்குவது புதிதில்லை. அப்போது இரண்டாவது வகை சட்டென்று அணைந்து எழும்பும், நீங்கள் கார்டு சூடாகிறது, விண்டோஸ் சரியில்லை என்று எதையாவது தேடிக்கொண்டிருப்பீர்கள். 100–240 வகை அந்த இறக்கத்தைச் சத்தமில்லாமல் தாங்கும். ஒரே கம்பெனியில், ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு வகையும் வருவதுண்டு, அதனால் ஸ்டிக்கரைப் படிக்காமல் பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்து பாதுகாப்புகள்: ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஓவர் பவர், ஷார்ட் சர்க்யூட், ஓவர் டெம்பரேச்சர். நல்லதில் ஐந்தும் எழுதியிருக்கும். ஆனால் இந்த ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வெளியே போகும் 12 வோல்ட்டைத்தான் கவனிக்கும். சுவரிலிருந்து 350 வோல்ட் வந்தால் அதற்குத் தெரியாது. அதற்கு வேறு காவல் வேண்டும், படி 8-இல் வருகிறது.

வாட் கணக்கு சுலபம். ரைசன் 7600 முழு லோடில் 88 வாட், ஆர்.டி.எக்ஸ். 5060 கார்டு 145 வாட், மற்ற எல்லாம் சேர்ந்து 60 வாட். கூட்டினால் 300 வாட்டுக்குப் பக்கம். 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தரச் சான்று) 550 வாட் தாராளம், பின்னால் கார்டை மாற்றும் எண்ணம் இருந்தால் 650. "850 இருந்தா சேஃப் சார்" என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், அந்தக் காசு, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யு.பி.எஸ்.ஸுக்குப் போகட்டும். கேபினெட்டோடு சேர்த்து இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ். எனக்கு வேண்டவே வேண்டாம். ஐந்து வருட வாரண்டி இருப்பதாகப் பாருங்கள். கம்பெனிக்கே தன் பொருள் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பது அங்கேதான் தெரியும்.

படி 6: இப்போது கார்டு

1080பி (ஃபுல் எச்.டி.) மானிட்டர்தான் இருக்கிறது, வேலொரண்ட், சி.எஸ்.2 மாதிரி கேம்கள்தான் ஓட்டுவீர்கள் என்றால் ஆர்.எக்ஸ். 6600 போதும், 132 வாட்தான் இழுக்கும். புது கேம்களை நல்ல தரத்தில் ஓட்ட வேண்டும் என்றால் ஆர்.டி.எக்ஸ். 5060 அல்லது ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. என் ஓட்டு 9060 எக்ஸ்.டி.யின் 16 ஜி.பி. வகைக்கு. 8 ஜி.பி. மெமரி இப்போதே சில கேம்களில் முட்டுகிறது.

பழைய போர்டு பிழைத்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பி450 மாதிரி போர்டுகளில் கார்டு மாட்டும் ஸ்லாட் பழைய பி.சி.ஐ.இ. 3.0 தான். ஆர்.டி.எக்ஸ். 5060-உம் ஆர்.எக்ஸ். 6600-உம் அந்த ஸ்லாட்டில் எட்டு லேன் (தரவு போகும் பாதை, லேன் கேபிள் இல்லை) மட்டுமே பயன்படுத்தும், 9060 எக்ஸ்.டி. பதினாறையும் பயன்படுத்தும். பழைய போர்டில் பதினாறு லேன் கார்டு மூச்சு முட்டாமல் ஓடும். ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.க்கு நான்கே லேன், பழைய போர்டில் அதைத் தொடவே வேண்டாம்.

படி 7: கேபினெட், குளிர்ச்சி, எஸ்.எஸ்.டி.

முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினெட் வேலூர் வெயிலுக்கு ஆகாது. அறையே 38 டிகிரியில் இருக்கும்போது காற்று நுழைய வழி வேண்டும். முன்பக்கம் சல்லடை, கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர், முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. தண்ணீர் சுற்றும் கூலர் தேவையில்லை, சாதாரண டவர் கூலர் போதும். எஸ்.எஸ்.டி. 1 டி.பி. என்.வி.எம்.இ. (போர்டிலேயே நேராக மாட்டும் வேகமான வகை), தெரிந்த கம்பெனி. அவ்வளவுதான். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் மேஜை மேல் வையுங்கள், ஜன்னலுக்கு நேராக வேண்டாம்.

படி 8: வீட்டு ஒயரிங்

பாகங்களுக்கு ஆகும் செலவில் ஒரு சின்னப் பங்கை இங்கே போடாவிட்டால் மேலே சொன்னது எல்லாம் வீண்.

முதலில் எர்த். எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த ப்ளக் பாயிண்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230-க்குப் பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பின்னால் யாரோ அந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டிருப்பார்கள், எர்த் அன்றோடு போயிருக்கும், யாருக்கும் தெரியாது. நம் பக்கம் கீழே பாறை, கோடையில் மேல் மண்ணும் வறண்டுவிடும். எர்த் குழியில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது காரணமாகத்தான்: மண் காய்ந்தால் மின்சாரம் இறங்க வழி குறையும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று கையில் அடிக்கிறது என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, நியூட்ரல் கட்டுக்கு மருந்து. ஸ்பைக் பஸ்டர் இதற்கு உதவாது. அதில் இருக்கும் வேரிஸ்டர் கணநேர அதிர்வுக்கு மட்டும்தான், 350 வோல்ட் நிமிடக் கணக்கில் நின்றால் அதுவே எரியும். வேண்டியது மெயின் பாக்ஸில் எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்) பக்கத்தில் மாட்டும் ஓவர், அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர். 270-க்கு மேல் அல்லது 170-க்குக் கீழ் போனால் துண்டித்து, சரியானதும் கொஞ்ச நேரம் பொறுத்துத் தானே இணைக்கும். ஒரு நல்ல கீபோர்டின் விலைக்குள் அடங்கிவிடும், டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் சேர்த்துக் காக்கும். வீட்டில் பெரியவர்களிடம் காசு கேட்க இதைவிட நல்ல வாதம் கிடைக்காது.

மூன்றாவது, மின்னலுக்கு மெயின் பாக்ஸிலேயே டைப் 2 சர்ஜ் ப்ரொடெக்டர். இது எர்த் ஒழுங்காக இருந்தால்தான் வேலை செய்யும். ஸ்டெபிலைசர் மின்னலைத் தடுக்காது, அதன் வேலை வேறு.

நான்காவது, யு.பி.எஸ். மேலே சொன்ன 300 வாட் கம்ப்யூட்டர் சுவரிலிருந்து 340 வாட் போல இழுக்கும், மானிட்டர் சேர்ந்தால் இன்னும் கூடும். பெட்டியில் 600 வி.ஏ. என்று போட்ட யு.பி.எஸ். உண்மையில் தாங்குவது 360 வாட்தான், கரண்ட் போன கணத்தில் அதுவும் கீச்சென்று கத்திவிட்டு அணையும். 1000 வி.ஏ., 600 வாட் வாங்குங்கள். ஐந்து பத்து நிமிடம் தாங்கும், சேவ் செய்து அணைக்க அது போதும். வெயிலில் பேட்டரி சீக்கிரம் தேயும், இரண்டு மூன்று வருடத்தில் மாற்றத் தயாராக இருங்கள்.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கம்ப்யூட்டரை அதில் மாட்டாதீர்கள், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. சைன் வேவ் என்றால் பின்னால் யு.பி.எஸ். மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

படி 9: எங்கே வாங்குவது?

எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போர்டும் வேலூரிலோ காட்பாடியிலோ தெரிந்த கடையில் வாங்குவது நல்லது. பிரச்சினை என்றால் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்கலாம், பிராசசருக்குத் தகுந்த பயாஸ் அப்டேட்டையும் அவர்களே செய்து தருவார்கள். கரண்ட் விளையாடும் நாளில் வீட்டில் பயாஸ் அப்டேட் செய்வதைவிட ஆபத்தான வேலை கிடையாது. கார்டுக்கும் பிராசசருக்கும் சென்னை ரிச்சி தெருவில் விலை கேட்டுப் பாருங்கள். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மதியத்துக்குள் முடித்துவிட்டுத் திரும்பலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். ஆன்லைன் விலையையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எங்கே வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். ஆன்லைன் என்றால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

பழைய பாகம் வாங்குவதாக இருந்தால் மழைக்காலம் முடிந்த கையோடு விற்பனைக்கு வருவதை எச்சரிக்கையாகப் பாருங்கள். தண்ணீர் குடித்த போர்டுகளும் கார்டுகளும் துடைத்து மினுக்கி வரும். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, போர்ட்டுகளின் உள்ளே துரு இருக்கிறதா, ஹீட்சிங்க் இடுக்கில் காய்ந்த சேறு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் பழையதாக வாங்கவே வேண்டாம்.

படி 10: மாட்டி, வாட்டிப் பார்ப்பது

மாட்டும் முன் மறுபடியும் அட்டைப் பெட்டி மேல், கார்டு இல்லாமல், உள் கிராபிக்ஸில் ஒருமுறை ஆன் செய்யுங்கள். சரி என்றால் கேபினெட்டில் ஏற்றுங்கள். விண்டோஸ் போட்டதும் ரேமின் வேகத்தைப் பயாஸில் ஆன் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் 6000 ரேம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைக்காரர் மாற்றித் தரும் நாட்களுக்குள் நன்றாக வாட்டுங்கள். இரவில் ஏ.சி. போட்டுக்கொண்டு சோதித்தால் ஒன்றும் தெரியாது. மதியம் இரண்டு மணிக்கு, ஃபேன் மட்டும் போட்டு, கனமான கேம் ஒன்றை இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் இன்னொரு முறை. கேம் ஓடும்போதே யு.பி.எஸ்.ஸின் ப்ளக்கைச் சுவரில் அணைத்துப் பாருங்கள், கம்ப்யூட்டர் அசையாமல் நிற்க வேண்டும். ரீஸ்டார்ட் ஆனால் யு.பி.எஸ்.ஸை அப்போதே மாற்றுங்கள்.

இதெல்லாம் இருந்தாலும் பக்கத்தில் இடி இடித்தால் ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு உட்காராதீர்கள். ப்ளக்கையும் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள், டிவியில் மாட்டியிருந்தால் எச்.டி.எம்.ஐ.யையும். வானம் கறுக்கும்போதே செய்யுங்கள், தலைக்கு மேல் இடி வந்த பிறகு ஒயரைத் தொட வேண்டாம்.

செத்த பாகங்களை இன்ஷூரன்ஸ் வேலை முடிந்த பிறகு குப்பையில் போடாதீர்கள். கார்டையும் போர்டையும் சிப் அளவில் பழுது பார்க்கிறவர்கள் உதிரி பாகம் எடுக்கும் டொனர் போர்டாக எடுத்துக்கொள்வார்கள், வாரண்டி முடிந்த கார்டு என்றால் விற்கும் முன் அவர்களிடமே ஒருமுறை காட்டுங்கள். கார்டின் நுழைவாயிலில் இருக்கும் ஃப்யூஸ் மட்டும் போயிருந்தால், புதுக் கார்டு விலையில் சிறு பகுதிக்கே அது திரும்ப எழுந்துவிடும்.